இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் என்ன நடக்கும்? எண் புதிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கங்களின் இடத்தை மாற்றிப் பார்ப்பது, எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்ணைப் பிடிப்பது, தொடரில் அடுத்து என்ன வரும் என்று சொல்வது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் தாமாகக் கை தூக்கும் இடம் இதுதான். இதைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டே படித்தால்தான் ருசி தெரியும்.

இதெல்லாம் விளையாட்டுக்குச் சரி. பாடத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. என்சிஇஆர்டி எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் எண்களோடு விளையாடுவது நெடுங்காலம் தனிப் பாடமாகவே இருந்தது. 2024இல் வந்த ஆறாம் வகுப்பு ‘கணித பிரகாஷ்’ முதல் பாடத்தையே எண் அமைப்புகளிலிருந்துதான் தொடங்குகிறது. அதே புத்தகத்தின் மூன்றாம் பாடம் முழுக்க எண் விளையாட்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற தலைப்பில் இந்த வகைக் கணக்குகள் வருகின்றன.

ஆனால் கடைசிப் பாடம்தானே என்று தள்ளிப்போட்டு, தேர்வு நெருங்கும்போது ஒரே பீரியடில் முடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். இயற்கணிதம் தொடங்கியதும் ‘எண் இருக்கும்போது எழுத்து எதற்கு?’ என்று பிள்ளை கேட்கும். அதற்கு நம்பும்படியான பதில் இந்தப் புதிர்களில்தான் இருக்கிறது. அடுத்த கேள்வியிலேயே அதைப் பார்த்துவிடலாம்.

ஈரிலக்க எண்ணைத் திருப்பிப் போட்டுக் கழித்தால் எப்போதும் 9இன் மடங்கு வருகிறதே, ஏன்?

72 − 27 = 45. 81 − 18 = 63. 50 − 05 = 45. எதை எடுத்தாலும் 9ஆல் வகுபடும். பத்து உதாரணம் போட்டுப் பார்த்ததும் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது.

72இல் 7 பத்தாம் இடத்தில் இருக்கிறது, அதன் மதிப்பு 70. திருப்பிப் போட்டதும் ஒன்றாம் இடத்துக்கு வந்து வெறும் 7 ஆகிவிடுகிறது. அதனால் குறைந்தது 63, அதாவது 7 × 9. அதே நேரம் 2 ஒன்றாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்குப் போய் 20 ஆகிறது. அதனால் கூடியது 18, அதாவது 2 × 9. இரண்டுக்கும் வித்தியாசம் 63 − 18 = 45. ஓர் இலக்கம் ஒரு வீடு தள்ளிப் போகும்போதெல்லாம் கூடுவதும் குறைவதும் தன்னைப் போல ஒன்பது மடங்குதான். 9 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது: 10 − 1.

இதை எல்லா எண்ணுக்கும் ஒரே அடியில் சொல்ல எழுத்து வேண்டும். பத்தாம் இடத்தில் க, ஒன்றாம் இடத்தில் ச என்று வைத்துக்கொள்வோம்.

(10க + ச) − (10ச + க) = 9க − 9ச = 9(க − ச)

இலக்கங்களின் வித்தியாசத்தை 9ஆல் பெருக்கினால் விடை. கழிக்காமலேயே சொல்லிவிடலாம். கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 11(க + ச) வரும், அதாவது எப்போதும் 11இன் மடங்கு.

வகுப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் அந்த எண்ணைக் ‘க + ச’ என்றோ ‘கச’ என்றோதான் எழுதுவார்கள். ‘72 என்றால் ஏழும் இரண்டும் சேர்ந்து ஒன்பதா?’ என்று கேட்டால் போதும், தாமே 10க + ச என்று திருத்திக்கொள்வார்கள். இடமதிப்பு உண்மையாகப் புரியும் இடம் பல பிள்ளைகளுக்கு இதுதான். ஒன்று, பத்து, நூறு என்று கட்டம் போட்டு எழுதியபோது புரியாதது இங்கே புரியும்.

மனதில் நினைத்த எண்ணில் மறைத்த இலக்கத்தைச் சொல்கிறார்களே, அது எப்படி?

உங்கள் நண்பரிடம் ஏதாவது நான்கிலக்க எண் எழுதச் சொல்லுங்கள், உங்களுக்குக் காட்ட வேண்டாம். 7351 என்று எழுதுகிறார். இலக்கங்களைக் கூட்டி (7 + 3 + 5 + 1 = 16) அந்த எண்ணிலிருந்தே கழிக்கச் சொல்லுங்கள்: 7335. இதில் ஓர் இலக்கத்தை மறைத்துவிட்டு மற்றதை எந்த வரிசையிலாவது சொல்லச் சொல்லுங்கள். அவர் ‘5, 7, 3’ என்கிறார். கூட்டினால் 15. அடுத்த 9இன் மடங்கு 18. மறைத்தது 3.

காரணம் முன்பு பார்த்ததன் தம்பிதான். 7000இலிருந்து 7ஐக் கழித்தால் 999 × 7. 300இலிருந்து 3 போனால் 99 × 3. 50இலிருந்து 5 போனால் 9 × 5. ஒன்றாம் இடம் காணாமல் போகிறது. மிச்சம் எல்லாமே 9இன் மடங்கு. 9இன் மடங்குக்கு இலக்கக் கூடுதலும் 9இன் மடங்காகத்தான் இருக்கும்.

சொன்ன இலக்கங்களின் கூடுதலே 9இன் மடங்காக வந்துவிட்டால் மறைத்தது 0ஆ 9ஆ என்று சொல்ல முடியாது. அதனால் ‘பூஜ்யத்தை மறைக்காதே’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1089 வித்தையில் என் பிள்ளைக்கு மட்டும் 198 வந்தது. எங்கே தப்பு?

முதலில் தெரியாதவர்களுக்காக: மூன்றிலக்க எண் ஒன்றை எடுங்கள், முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறாக இருக்க வேண்டும். திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையைத் திருப்பிப் போட்டுக் கூட்டுங்கள். 852 − 258 = 594. 594 + 495 = 1089. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1089.

உங்கள் பிள்ளை அனேகமாக 463 மாதிரி ஓர் எண்ணை எடுத்திருக்கும். 463 − 364 = 99. அதைத் திருப்பினாலும் 99, கூட்டினால் 198. கழித்தலில் எந்தப் பிழையும் இல்லை. மூன்றிலக்கக் கணக்கில் விடையை 099 என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். திருப்பினால் 990. 099 + 990 = 1089.

முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று சின்ன வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அது சரிதான். ஆனால் திருப்பிப் போடுவது எண்ணின் மதிப்பைப் பார்த்துச் செய்வதில்லை, இடத்தைப் பார்த்துச் செய்வது. அங்கே பூஜ்யம் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்தத் தப்பு நடந்தால் சந்தோஷப்படுங்கள். இதைப் பற்றிப் பேசுவதற்கே ஒரு பீரியட் ஒதுக்கலாம்.

ஏன் 1089? முதல் கழித்தலின் விடை 99 × (முதல் இலக்கம் − கடைசி இலக்கம்). ஆக 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891 என்ற ஒன்பது விடைகளுக்கு மேல் வரவே முடியாது. அவற்றை உற்றுப் பாருங்கள். நடுவில் எப்போதும் 9. இரண்டு ஓரங்களையும் கூட்டினால் எப்போதும் 9. எனவே திருப்பிக் கூட்டும்போது நூறாம் இடத்தில் 9, பத்தாம் இடத்தில் 18, ஒன்றாம் இடத்தில் 9. 900 + 180 + 9 = 1089.

6174 என்ற எண்ணுக்கு என்ன அவ்வளவு பெருமை?

நான்கிலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியதைக் கழியுங்கள். விடையில் மறுபடி அதையே செய்யுங்கள். 1947ஐ எடுத்தால்:

9741 − 1479 = 8262
8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174
7641 − 1467 = 6174

அதற்கப்புறம் நகராது. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படியில் 6174க்கு வந்துவிடும். இங்கேயும் பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது. 2111இல் தொடங்கினால் 2111 − 1112 = 0999. அதை 999 என்று எழுதினால் 999 − 999 = 0 என்று ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 9990 − 0999 என்று போட்டால் சரியாகப் போகும்.

வகுப்பில் செய்யும்போது மூன்றிலக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஏனென்றால் அங்கே ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையே முழு நிரூபணத்தையும் செய்து முடித்துவிடலாம். மூன்றிலக்கத்தில் எல்லாம் 495இல் வந்து நிற்கும். முதல் கழித்தலின் விடை, 1089இல் பார்த்த மாதிரியே, 99 × (பெரிய இலக்கம் − சிறிய இலக்கம்). நடு இலக்கம் கழிந்து போய்விடுகிறது. ஆக முதல் படிக்குப் பிறகு அதே ஒன்பது எண்கள்தான். பலகையில் ஒன்பதையும் எழுதி அம்புக்குறி போடச் சொல்லுங்கள். 099 போவது 891க்கு. 891உம் 198உம் போவது 792க்கு. 792உம் 297உம் 693க்கு. 693உம் 396உம் 594க்கு. 594 போவது 495க்கு. 495 தன்னிடமே திரும்பி வருகிறது. எண்ணூற்றுச் சொச்சம் எண்களின் கதை ஒன்பது அம்புக்குறிகளில் முடிந்தது. இதில் ‘பத்து உதாரணம் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. விட்டுப்போன எண் ஒன்றுகூடக் கிடையாது.

நான்கிலக்கத்திலும் இதே வழிதான். இறங்கு வரிசையில் அடுக்கிய இலக்கங்களில் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆல் பெருக்கி, நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆல் பெருக்கிக் கூட்டினால் கழித்தல் விடை வரும். 7641க்கு 999 × 6 + 90 × 2 = 6174. இந்த இரண்டு வித்தியாசங்களும் சேர்ந்து வரக்கூடிய வகைகள் மொத்தம் 54தான். ஏறக்குறைய 9000 எண்கள் முதல் படியிலேயே 54 வகைகளாகச் சுருங்கிவிடுகின்றன. ஆர்வமுள்ள எட்டாம் வகுப்பு அணி ஒன்று ஒரு சார்ட் பேப்பரில் அந்த 54க்கும் அம்புக்குறி போட்டு முடித்துவிடும்.

ஈரிலக்கத்தில் ஒரே எண்ணில் நிற்காது. 09, 81, 63, 27, 45, மறுபடி 09 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்திலக்கத்திலும் எல்லாரும் வந்து சேரும் ஒரே எண் கிடையாது, சுற்றுகள்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

டி. ஆர். காப்ரேகர். பள்ளிக்கூட ஆசிரியர். 1905இல் மகாராஷ்டிராவின் தஹானுவில் பிறந்தார், புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தார். 1930 முதல் 1962 வரை நாசிக் பக்கம் தேவ்லாலியில் பாடம் நடத்தினார். கணிதத்தில் முதுநிலைப் பட்டம் இல்லை, பல்கலைக்கழகப் பதவி இல்லை. 6174 பற்றி 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். 1975இல் அமெரிக்காவின் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் அவர் பெயரை அறிந்தது. 1986இல் மறைந்தார்.

தன் கண்டுபிடிப்புகளுக்கு அவர் வைத்த பெயர்களில் ஊர் மணம் இருக்கும். 1, 121, 12321 என்று போகும் எண்களுக்கு ‘டெம்லோ எண்கள்’ என்று பெயர். அந்த யோசனை பிறந்த ரயில் நிலையத்தின் பெயர் அது, இன்றைய டோம்பிவிலி. எந்த எண்ணோடும் அதன் இலக்கக் கூடுதலைச் சேர்த்துப் பெற முடியாத எண்களைத் தேவ்லாலி எண்கள் என்பார்கள். 14 + 1 + 4 = 19, 15 + 1 + 5 = 21, நடுவில் 20 தனியாக நிற்கிறது. அது ஒரு தேவ்லாலி எண். தன் இலக்கக் கூடுதலால் மீதியில்லாமல் வகுபடும் எண்ணுக்கு, மகிழ்ச்சி தருவது என்ற பொருளில் ‘ஹர்ஷத்’ என்று பெயரிட்டார். ராமானுஜனின் 1729 அந்த வகைதான்: 1 + 7 + 2 + 9 = 19, அதைத் திருப்பினால் 91, 19 × 91 = 1729.

ஆசிரியர்கள் இவரைப் பற்றி வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் கூட்டல் கழித்தலை வைத்துக்கொண்டு, நம்மைப் போல வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தேடி அடைந்தவை இவை.

விகடகவி எண்கள் என்றால் என்ன?

விகடகவி என்ற சொல்லைப் போல, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் எண்கள். 363, 4774, 12321. இப்படித் திருப்பிப் படித்தாலும் மாறாத செய்யுளை மாலைமாற்று என்று தமிழில் பாடியே வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த விளையாட்டு நமக்கு அன்னியமில்லை.

ஓர் எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டிக்கொண்டே போனால் பெரும்பாலும் விகடகவி வந்துவிடும். 57 + 75 = 132, 132 + 231 = 363. சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் 89ஐக் கொடுத்தால் 24 முறை கூட்ட வேண்டும். கடைசியில் 8813200023188 வரும். பெரிய எண் கூட்டலுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது, வழியில் ஓர் இடத்தில் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். 196 இன்னும் விசித்திரம். கணினியில் பல லட்சம் இலக்கங்களைத் தாண்டிய பிறகும் விகடகவி வரவில்லை. வரவே வராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. எட்டாம் வகுப்புக்குப் புரியும் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் விடை இல்லை என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: நான்கிலக்க விகடகவி எல்லாமே 11ஆல் வகுபடும். கசசக என்ற எண் 1001க + 110ச. இரண்டுமே 11இன் மடங்கு. ஐந்திலக்கத்துக்கு இது பொருந்தாது, ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும்.

எழுத்துக் கணக்குகளை எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். ஒரே எழுத்துக்கு ஒரே இலக்கம், வேறு எழுத்துக்கு வேறு இலக்கம், எண்ணின் முதல் எழுத்து பூஜ்யமாகக் கூடாது. இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற ஆங்கிலப் புதிரான SEND + MORE = MONEY, ஹென்றி டியூடனி 1924இல் போட்டது, 9567 + 1085 = 10652 என்பது அதன் விடை. ஆனால் தொடங்குவதற்குத் தமிழே போதும்:

கை + கை + கை = பகை

கை என்ற ஒரே இலக்கத்தை மூன்று முறை கூட்டினால் ஒன்றாம் இடத்தில் அதே இலக்கம் வர வேண்டும். மூன்றால் பெருக்கினாலும் கடைசி இலக்கம் மாறாதவை 0, 5 இரண்டுதான். 0 என்றால் பகையும் 0 ஆகி, முதல் எழுத்து பூஜ்யமாகிவிடும். ஆகவே கை = 5, பகை = 15. பிள்ளைகள் உடனே ‘நகை போடலாமா, புகை போடலாமா’ என்று தாமே புதிர் செய்யத் தொடங்குவார்கள். தடுக்காதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் பெரியது:

கசடத × 4 = தடசக

நான்கிலக்க எண்ணை நான்கால் பெருக்கினால் அதே எண் திரும்பி நிற்கிறது. பத்தாயிரம் எண்களைச் சோதிக்க வேண்டியதில்லை. விடையும் நான்கிலக்கம்தான், எனவே க என்பது 1 அல்லது 2. விடை 4இன் மடங்கு, அதாவது இரட்டை எண், அதன் கடைசி இலக்கம் க. ஆகவே க = 2. இப்போது த × 4 என்பது 2இல் முடிய வேண்டும், எனவே த 3 அல்லது 8. ஆனால் விடையின் முதல் இலக்கமும் த. 2000க்கு மேற்பட்டதை 4ஆல் பெருக்கினால் குறைந்தது 8000. ஆகவே த = 8. மீதி ச, ட. இடமதிப்பில் விரித்து எழுதுவோம்:

8000 + 400ச + 40ட + 32 = 8000 + 100ட + 10ச + 2

சுருக்கினால் 13ச + 1 = 2ட. ட ஓரிலக்கம் என்பதால் வலப்பக்கம் 18ஐத் தாண்டாது. எனவே ச = 1, ட = 7. சரிபார்ப்போம்: 2178 × 4 = 8712. நான் பார்த்த இலக்கப் புதிர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு மூடி, கடைசியில் ஒரே வழிதான் திறந்திருக்கிறது.

தொடரில் அடுத்த எண்ணைக் கேட்டால் ஒரே விடைதான் இருக்குமா?

தேர்வில் ஒரு விடைதான். எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் தாளில் இந்த வகைக் கேள்விகள் நிறைய வரும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய். ஆகவே பயிற்சி அவசியம். பக்கத்து எண்களின் வித்தியாசத்தை முதலில் பாருங்கள். 2, 6, 12, 20, 30 என்றால் வித்தியாசம் 4, 6, 8, 10, அடுத்தது 42. அதில் பிடிபடாவிட்டால் பெருக்கிக் கூட்டியோ குறைத்தோ வருகிறதா என்று பாருங்கள். 3, 5, 9, 17, 33 என்பது இரட்டித்து ஒன்றைக் கழிப்பது, அடுத்தது 65. அப்படியும் வரவில்லையென்றால் ஒன்றுவிட்டு ஒன்று பார்த்து, இரண்டு தொடர்கள் பின்னிக் கிடக்கின்றனவா என்று கவனிக்கலாம்.

வகுப்பில் மட்டும் வேறு மாதிரி நடத்துங்கள். 1, 2, 4 என்று எழுதி அடுத்தது கேட்டால் ஒரு பிள்ளை 8 என்னும், இன்னொன்று 7 என்னும். முதல் பிள்ளை இரட்டித்தது. இரண்டாவது முதலில் 1, பிறகு 2, பிறகு 3 என்று கூட்டியது. இரண்டும் சரி. காரணத்தைச் சொல்ல முடிகிற விடைக்கு மதிப்பெண் கொடுங்கள்.

அப்படியென்றால் எத்தனை முறை சரிபார்த்தால் ஓர் அமைப்பை நம்பலாம்?

எத்தனை முறை பார்த்தாலும் போதாது. காரணம் கிடைத்தால்தான் நம்பலாம். ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் கோடுகளால் இணையுங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு வகுப்பே ‘32’ என்று கத்தும். வரைந்து எண்ணினால் 31தான். தாம் தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி மறுபடி எண்ணுவார்கள். எண்ணட்டும்.

31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331 எல்லாமே பகா எண்கள். அடுத்தது 333333331. அது 17 × 19607843. அதே மாதிரி 11² = 121, 111² = 12321 என்று அழகாகப் போய் ஒன்பது ஒன்றுகளுக்கு 12345678987654321 வருகிறது. பத்து ஒன்றுகளுக்கு 1234567900987654321 என்று உடைகிறது. ஏன் உடைகிறது என்பதை நீளப் பெருக்கலாக எழுதிப் பார்த்தால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நடு வரிசையில் பத்து ஒன்றுகள் சேர்ந்து 10 ஆகி, மேலே ஒன்று போகிறது.

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்கிறார்களே, நிஜமாகவா?

நிஜமாகத்தான். ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று கோலப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8இல் முடியும். மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். நடுப்புள்ளி ஒன்றை எடுத்துவிட்டால், மீதி அறுகோணம் ஆறு சம முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றிலும் 1 + 2 + 3 + … + 7 = 28 புள்ளி. ஆக 6 × 28 + 1 = 169. அது 13இன் வர்க்கமாகவும் அமைந்துவிட்டது. சின்னக் கோலம், 7 புள்ளி 4 வரை என்றால் 6 × 6 + 1 = 37.

நேர்ப்புள்ளியில் 7, 5, 3, 1 என்று இரண்டிரண்டாகக் குறையும். மேல் பாதி 1 + 3 + 5 + 7 = 16, கீழே 5 + 3 + 1 = 9, மொத்தம் 25. அடுத்தடுத்த ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்கம் வரும் என்பதைத் தரையிலேயே பார்த்துவிடலாம்.

கால்குலேட்டர் கொடுக்கலாமா?

சில இடத்தில் கொடுக்கலாம். 142857ஐ 1 முதல் 6 வரை பெருக்கினால் அதே ஆறு இலக்கங்கள் சுற்றி வருவதையும், 7ஆல் பெருக்கினால் 999999 வருவதையும் கால்குலேட்டரில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு 1 ÷ 7ஐக் கையால் வகுத்துக் காரணம் தேடட்டும். கழித்தலே தடுமாறும் பிள்ளைக்கு 6174 ஆட்டத்தில் கால்குலேட்டர் வேண்டாம். அங்கே கழித்தல் பயிற்சியே பாதி லாபம்.

வேத கணித வகுப்பில் சேர்த்தால் இதெல்லாம் வந்துவிடுமா?

வேகம் வரும். அந்தச் சூத்திரங்கள் 1965இல் வெளியான ஒரு நூலிலிருந்து வந்தவை. நமக்குக் கிடைத்திருக்கும் வேதப் பிரதிகளில் அவை இல்லை. 97 × 96க்கு ‘3 குறை, 4 குறை, 93, 12, விடை 9312’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். (100 − 3)(100 − 4) என்று விரித்துக் காட்டாமல் விட்டால் அது இன்னொரு மனப்பாடம்தான். விரித்துக் காட்டும் ஆசிரியர் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள்.

என் பிள்ளைக்கு வாய்ப்பாடே சரியாக வராது. புதிர் இப்போது தேவையா?

அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் தேவை. வாய்ப்பாடு முடித்துவிட்டுப் புதிருக்கு வரலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போய்விடுகிறது, கணக்கு என்றாலே தண்டனை என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிடுகிறது. 9ஆம் வாய்ப்பாட்டை எழுதி, ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டச் சொல்லுங்கள். 18, 27, 36, 45… எல்லாம் 9. பத்தாம் இடம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது, ஒன்றாம் இடம் குறைகிறது. ஏன் என்று கேளுங்கள். ஒன்பதைக் கூட்டுவது பத்தைக் கூட்டி ஒன்றைக் கழிப்பது என்று பிள்ளையே சொன்ன பிறகு அந்த வாய்ப்பாடு மறக்காது.

விடை வரும்வரை காத்திருக்க மட்டும் பழகிக்கொள்ளுங்கள். பெற்றோர் பலர் இரண்டு நிமிடத்தில் விடையைச் சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க மனதில் சுழலும் புதிர் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

போட்டித் தேர்வு எழுதலாமா?

பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் எழுதலாம். சென்னையை மையமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்எம்டிசி தேர்வில் ஐந்து, ஆறாம் வகுப்புக்கு ஒரு பிரிவும் ஏழு, எட்டாம் வகுப்புக்கு ஒரு பிரிவும் உண்டு. இலக்கப் புதிர்கள் அதில் தவறாமல் இருக்கும். பழைய வினாத்தாள்களை வீட்டில் நிதானமாகப் போட்டுப் பார்ப்பதே நல்ல பலன் தரும்.

வீட்டில் போட்டுப் பார்க்கச் சில புதிர்கள் தர முடியுமா?

தன் இலக்கக் கூடுதலைப் போல இரண்டு மடங்காக இருக்கும் ஈரிலக்க எண் எது? 10க + ச = 2க + 2ச என்று எழுதினால் ஒரே வரியில் 18 வந்துவிடும்.

இலக்கங்களின் கூடுதலையும் பெருக்கலையும் சேர்த்தால் அதே எண் வர வேண்டும். 29இல் 2 + 9 = 11, 2 × 9 = 18, மொத்தம் 29. இப்படி ஒன்பது ஈரிலக்க எண்கள் உண்டு. அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது?

கச + சக = டகட. இதற்கு ஒரே விடைதான். இடப்பக்கம் 11இன் மடங்கு என்பதை முன்பே பார்த்தோம். ட என்னவாக இருக்க முடியும் என்று முதலில் யோசியுங்கள்.

444ஐ 4 + 4 + 4ஆல் வகுத்தால் 37. 777ஐ 7 + 7 + 7ஆல் வகுத்தாலும் 37. ஏன்?

கடைசியாக ஒன்று: ‘விகடகவி’ ஒரு வர்க்க எண். வி, க, ட மூன்றும் வேறு வேறு இலக்கங்கள். 101இன் வர்க்கம் 10201, அது ஒரு விடை. இன்னும் நான்கு இருக்கின்றன. மூன்று சுலபமாக மாட்டும். நான்காவதற்கு 300ஐத் தாண்டிக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.